வெர்ச்சுவல் டெஸ்க்டாப்: ப்ரொஃபைலை மீட்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: அஸூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் (மைக்ரோசாஃப்ட் கிளவுடில் ஓடும் விண்டோஸ் டெஸ்க்டாப்) பயனரின் ப்ரொஃபைல், அதாவது அவருடைய கோப்புகளும் அமைப்புகளும். பயனர்கள் லாகின் செய்யும் ஹோஸ்ட் மெஷின் போனால் அதன் தயார் வார்ப்பான இமேஜிலிருந்து இன்னொன்றை எழுப்பிவிடலாம். ப்ரொஃபைலுக்கு அப்படி ஓர் இமேஜ் கிடையாது. மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்லாஜிக்ஸ் மென்பொருள் அதை ஒரு விஎச்டிஎக்ஸ் (மெய்நிகர் டிஸ்க்) கோப்பாக நெட்வொர்க் ஷேரில் வைத்திருக்கிறது. லாகின் நேரத்தில் அது டிஸ்க்காக மவுன்ட் ஆகிறது, லாக்ஆஃபில் கழன்றுகொள்கிறது. சிட்ரிக்ஸ், ஹொரைசன் போன்ற வேறு வெர்ச்சுவல் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களும் எஃப்எஸ்லாஜிக்ஸ் பயன்படுத்தினால் கீழே உள்ளதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் ப்ரொஃபைல் ஷேர் அஸூர் ஃபைல்ஸ் (அஸூரின் கோப்பு ஷேர் சேவை) பிரீமியத்தில், இசட்ஆர்எஸ் என்ற நகல் முறையில் இருக்கிறது. ஏற்கெனவே மூன்று நகல் இருக்கும்போது தனியாக மீட்புத் திட்டம் எதற்கு?

பதில்: அந்த மூன்று நகலும் ஒரே ரீஜனுக்குள் (ஒரு வட்டாரம்), மூன்று ஸோன்களில் (தனித்தனி டேட்டா சென்டர்கள்) இருக்கின்றன. ஒரு ஸோன் இருண்டால் இசட்ஆர்எஸ் தாங்கும். ரீஜனே எட்டாமல் போனால் தாங்காது. ஆனால் ரீஜன் விழுவதைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டியது மனிதக் கையை. யாரோ ஷேரை அழித்துவிடுகிறார், ஒரு ஸ்கிரிப்ட் தவறான ஃபோல்டரில் ஓடிவிடுகிறது, ரான்சம்வேர் கோப்புகளைச் சிதைக்கிறது. இவை எல்லாம் மூன்று நகலிலும் ஒரே நொடியில் நடந்து முடிந்துவிடும். நகல் வேறு, பேக்கப் வேறு.

முதல் வேலையாக ஷேரின் சாஃப்ட் டிலீட்டைப் பாருங்கள்; அழித்த ஷேரைச் சில நாள் வரை மீட்க விடும் அமைப்பு அது. 1 முதல் 365 நாள் வரை வைக்கலாம். 7 நாள் என்றிருந்தால் குறைந்தது 14 ஆக்குங்கள். நீண்ட விடுமுறையில் நடந்த தவறு ஏழு நாளுக்குப் பிறகுதான் கண்ணில் படும். இன்னொன்று: பிரீமியம் ரகத்தில் எல்ஆர்எஸ் (ஒரே டேட்டா சென்டரில் நகல்), இசட்ஆர்எஸ் இரண்டுதான் உண்டு. வேறு ரீஜனுக்குத் தானாக நகல் போகும் ஜிஆர்எஸ் அங்கே இல்லை. அது ஸ்டாண்டர்டு ரகத்தில்தான்.

கேள்வி: எஃப்எஸ்லாஜிக்ஸின் விஎச்டி லொகேஷன்ஸ் அமைப்பில் இரண்டு ஷேர்களின் பாதையையும் கொடுத்திருக்கிறோம். ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும்தானே?

பதில்: கொடுக்காது. அந்தப் பட்டியல் தேடும் இடங்களின் பட்டியல். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் எழுதும் வேலை அதற்கு இல்லை. முதல் ஷேர் எட்டாத நாளில் இரண்டாவதில் பயனரின் கோப்பைத் தேடும், இருக்காது, வெறும் புதிய ப்ரொஃபைலை அங்கே உருவாக்கிவிடக்கூடும். பயனர் அதில் அரை நாள் வேலை செய்வார். முதல் ஷேர் திரும்பி வந்ததும் பழைய ப்ரொஃபைல் மவுன்ட் ஆகும், அரை நாள் வேலை இரண்டாவது ஷேரில் அனாதையாகக் கிடக்கும். ஒரே பயனருக்கு இரண்டு விஎச்டிஎக்ஸ் வந்துவிட்டால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கும் கருவி கிடையாது. இரண்டையும் மவுன்ட் செய்து கையால் கோப்புகளைப் பொறுக்க வேண்டும். ஒரே பாதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 200 பயனர்கள், சராசரியாக ஆளுக்கு 15 ஜிபி. முழுவதையும் இன்னொரு ரீஜனுக்கு நகலெடுப்பதா, வேண்டாமா?

பதில்: கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 200 பெருக்கல் 15, மொத்தம் 3 டிபி. பேக்கப்பிலிருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்தில் தடையில்லாமல் இறக்கினாலும் 30,000 நொடி, அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல். பேரிடர் நாளில் அந்த வேகம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். "பேக்கப் இருக்கிறது" என்பதும் "இரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கலாம்" என்பதும் ஒன்றல்ல.

இப்போது அந்த 15 ஜிபியைத் திறந்து பாருங்கள். அவுட்லுக்கின் ஓஎஸ்டி கோப்பு (மெயில்பாக்ஸின் லோக்கல் நகல்), டீம்ஸ் கேஷ், பிரவுசர் கேஷ் என்று பெரும்பகுதி சர்வரிலிருந்து மறுபடி இறங்கிவிடக்கூடிய சரக்கு. டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவின் நோன் ஃபோல்டர் மூவ் வழியாக வெளியே அனுப்பிவிட்டால் பயனரின் வேலைக் கோப்புகளும் ப்ரொஃபைலில் சிக்கியிருக்காது. அதற்குப் பிறகு ப்ரொஃபைல் என்பது பெரும்பாலும் அமைப்புகளின் மூட்டை. இந்த நிலைக்கு வந்தவர்கள், பேரிடர் நாளில் ப்ரொஃபைலை மீட்காமல் இரண்டாவது ரீஜனில் எல்லோருக்கும் புதிய ப்ரொஃபைலோடு தொடங்கலாம். இது கையாலாகாத வழி அல்ல. மைக்ரோசாஃப்டின் வழிகாட்டலிலேயே ப்ரொஃபைலை மீட்காமல் விடுவது ஒரு தேர்வாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பலருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. ப்ரொஃபைலுக்குள் மட்டுமே இருப்பவை சில உண்டு, அவை போனால் போனதுதான். எக்செலின் பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக், வேர்டின் நார்மல் டெம்ப்ளேட், கிளவுடில் சேராத அவுட்லுக் சிக்னேச்சர்கள், ஒவ்வொருவரும் சேர்த்துவைத்த தனி அகராதி எல்லாம் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். ஒன்டிரைவ் அந்தப் பக்கமே போகாது. பிஎஸ்டி கோப்பு (சர்வரில் இல்லாமல் தனியே சேமித்த மெயில்) வைத்திருப்பவர்கள் தனி ரகம்: ஒன்டிரைவுக்கும் பிஎஸ்டிக்கும் ஒத்துவராது, அந்த மெயிலை ஆன்லைன் ஆர்க்கைவுக்கு ஏற்றிவிடுவது நல்லது.

மிகவும் வலிக்கக்கூடியது கண்ணுக்கே தெரியாதது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் டிபாப்பி என்ற விண்டோஸ் பாதுகாப்பின் மாஸ்டர் கீயால் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கீ இருப்பதும் ப்ரொஃபைலுக்குள்தான். பாஸ்வேர்டு கோப்பை மட்டும் தனியே எடுத்துவைத்து புதிய ப்ரொஃபைலில் போட்டால் திறக்காது. பிரவுசரின் சிங்க்கை இப்போதே இயக்கிவைப்பதுதான் வழி. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழின் பிரைவேட் கீயும் இதே வகை. மெயிலை என்கிரிப்ட் செய்யும் சான்றிதழ் என்றால் இன்னும் மோசம்: கீ போனால் பழைய மெயில்களையும் திறக்க முடியாது. அப்படிப்பட்ட பயனர்களைப் பட்டியலிட்டு, சான்றிதழைக் கீயோடு ஏற்றுமதி செய்து பாதுகாப்பான இடத்தில் வையுங்கள்.

ஆக, 200 பேருக்கும் ஒரே திட்டம் தேவையில்லை. 20 பேரின் ப்ரொஃபைல் விலைமதிப்பற்றது என்றால் அந்த 20 பேருக்கு மட்டும் தனி ஹோஸ்ட் பூல் (ஹோஸ்ட்களின் குழு), தனி ஷேர், கூடுதல் நகல். மற்றவர்களுக்கு புதிய ப்ரொஃபைல்.

கேள்வி: எஃப்எஸ்லாஜிக்ஸின் கிளவுட் கேஷ் போட்டால் இரண்டு ரீஜனிலும் ப்ரொஃபைல் தானாக இருக்கும் என்றார்கள். போட்டோம். லாக்ஆஃப் ஆக நீண்ட நேரம் பிடிக்கிறது, ஒரு நாள் ஹோஸ்டின் 128 ஜிபி சி டிரைவே நிறைந்துவிட்டது. என்ன தவறு?

பதில்: தவறு என்று சொல்ல முடியாது, கிளவுட் கேஷ் வேலை செய்யும் முறையே அப்படி. பயனர் எழுதுவது முதலில் ஹோஸ்டின் லோக்கல் டிஸ்க்கில் உள்ள கேஷில் விழுகிறது. அங்கிருந்து கிளவுட் கேஷுக்கான சிசிடி லொகேஷன்ஸ் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஷேருக்கும் பின்னணியில் போகிறது. படிப்பது பட்டியலில் முதலாவதாக ஆரோக்கியமாக இருக்கும் ஷேரிலிருந்து. லாக்ஆஃபில், ஷேருக்கு இன்னும் போகாமல் தேங்கி நிற்கும் எழுத்தைத் தள்ளி முடிக்க வேண்டும், அதனால்தான் காத்திருப்பு.

டிஸ்க் கணக்கு: ஒரு ஹோஸ்டில் 15 பேர், ப்ரொஃபைலின் உச்ச அளவு இயல்பாக இருக்கும் 30 ஜிபி என்றால், மோசமான நாளில் கேஷ் 450 ஜிபி வரை வளர இடமிருக்கிறது. உங்கள் சி டிரைவ் 128 ஜிபி. எல்லோரும் உச்சத்தைத் தொட மாட்டார்கள், உண்மைதான். ஆனால் ஷேர் ஒன்று எட்டாமல் போனால் எழுத்து தேங்கும், அப்போதுதான் டிஸ்க் நிறையும். அதாவது எந்த நாளுக்காகக் கிளவுட் கேஷ் போட்டீர்களோ அதே நாளில் அது காலை வாரும். கேஷ், பிராக்ஸி ஃபோல்டர்கள் இரண்டையும் தனியான வேகமான எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். சாதாரண எச்டிடி டிஸ்க்கில் கிளவுட் கேஷ் வைப்பது வீண்.

அமைப்புகளில் இவற்றைச் சரிபாருங்கள். விஎச்டி லொகேஷன்ஸ், சிசிடி லொகேஷன்ஸ் இரண்டும் ஒரே ஹோஸ்டில் இருக்கக் கூடாது, பழையதை அழித்துவிடுங்கள். கிளியர் கேஷ் ஆன் லாக்ஆஃப் 1 ஆக இருக்கட்டும், இல்லையென்றால் போனவர்களின் கேஷும் டிஸ்க்கில் தங்கும். ஹெல்தி புரொவைடர்ஸ் ரெக்வயர்ட் ஃபார் ரெஜிஸ்டர் இயல்பாக 0. அதை 1 ஆக்குங்கள். 0 என்றால் எந்த ஷேரும் கிடைக்காத நிலையிலும் லாகின் நடக்கும், அது யாருக்கும் நல்லதல்ல. முதல் ரீஜன் ஹோஸ்ட்களில் முதல் ரீஜன் ஷேர் முன்னால். இரண்டாவது ரீஜன் ஹோஸ்ட்களில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இரண்டிலும் ஒரே வரிசை வைத்தால், இரண்டாவது ரீஜனில் லாகின் செய்பவர் ஒவ்வொரு முறையும் தூரத்து ஷேரிலிருந்து படித்துக்கொண்டிருப்பார்.

ஆன்டிவைரஸ் விலக்கும் மறக்கக் கூடாது: விஎச்டி, விஎச்டிஎக்ஸ், கேஷ் ஃபோல்டர், பிராக்ஸி ஃபோல்டர், ஷேரில் உடன் இருக்கும் லாக், மெட்டா கோப்புகள். கடைசியாக, ஹோஸ்டில் எழுத்து தேங்கியிருக்கும்போது அதை அழித்துப் புதிய இமேஜில் எழுப்பினால் அந்த எழுத்து தொலைந்தது. கிளவுட் கேஷ் தாமதமில்லாத நகல் அல்ல, பேக்கப்பும் அல்ல. முதல் ஷேரில் கெட்டுப்போனது இரண்டாவதுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஷேரை ஜிஆர்எஸ்ஸில் வைத்து, தேவைப்படும்போது ஃபெயில்ஓவர் (இரண்டாவது ரீஜனுக்கு மாறுவது) கொடுத்தால் போதாதா?

பதில்: சிறிய இடங்களுக்குப் போதும். என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். அஸூர் ஃபைல்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து இரண்டாவது ரீஜனுக்கு அனுப்புகிறது. ஃபெயில்ஓவரில் உங்களுக்குக் கிடைப்பது அங்கே கடைசியாகப் போய்ச்சேர்ந்த ஸ்னாப்ஷாட்டின் நிலை. லாஸ்ட் சிங்க் டைம் என்ற மதிப்பைப் பார்த்தால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரியும். ஃபெயில்ஓவர் பொத்தானை அழுத்தும் முன் அதைக் குறித்துவையுங்கள், பின்னால் "எந்த நேரம் வரை எழுதியது பத்திரம்?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

மவுன்ட் ஆகியிருந்த விஎச்டிஎக்ஸ் பாதியில் நின்ற நிலையில்தான் அங்கே இருக்கும், மின்சாரம் போன கணினியின் டிஸ்க் போல. உள்ளே இருக்கும் என்டிஎஃப்எஸ் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். சில கோப்புகள் பிழை 1392 (கோப்பு சிதைந்தது) காட்டும்.

பெயர் மாறாது, அதனால் விஎச்டி லொகேஷன்ஸ் பாதையும் மாற்ற வேண்டாம். சிக்கல் வருவது பிரைவேட் எண்ட்பாயின்டில் (உங்கள் நெட்வொர்க்குக்குள் ஸ்டோரேஜுக்கான தனி முகவரி). அது விழுந்த ரீஜனின் நெட்வொர்க்கில் இருக்கிறது. அதே ஸ்டோரேஜ் அக்கவுன்டுக்கு இரண்டாவது ரீஜனின் நெட்வொர்க்கிலும் ஒரு பிரைவேட் எண்ட்பாயின்டை முன்பே போட்டு, அங்கே டிஎன்எஸ் அதன் முகவரியைத் தரும்படி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டோரேஜ் எழுந்து நிற்கும், ஹோஸ்ட் மட்டும் பிழை 53 என்று நெட்வொர்க் பாதை கிடைக்காமல் தவிக்கும். ஃபெயில்ஓவருக்குப் பிறகு அக்கவுன்ட் எல்ஆர்எஸ் ஆகிவிடும். மறுபடி ஜிஆர்எஸ் ஆக்குவது உங்கள் கையில்.

வேகம் முக்கியம் என்பவர்களுக்கு அஸூர் நெட்ஆப் ஃபைல்ஸ் என்ற இன்னொரு கோப்புச் சேவை ரீஜன்களுக்கு இடையே 10 நிமிடம், ஒரு மணி, ஒரு நாள் என்ற இடைவெளிகளில் நகல் அனுப்பும். அங்கே இரண்டாவது வால்யூம், பியரிங்கை (நகல் இணைப்பை) உடைக்கும் வரை படிக்க மட்டுமே. அந்தப் படி உங்கள் செயல்முறைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கட்டும்.

கேள்வி: தினமும் இரவு ரோபோகாப்பி (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) ஓட்டி இன்னொரு ஷேருக்கு நகலெடுக்கிறோம். சிலரின் கோப்பு மட்டும் வாரக்கணக்கில் பழையதாகவே இருக்கிறது.

பதில்: அவர்கள் லாக்ஆஃப் செய்வதில்லை, டிஸ்கனெக்ட் செய்துவிட்டுப் போகிறார்கள். விஎச்டிஎக்ஸ் மவுன்ட் ஆகியே இருக்கிறது, பிழை 32 (கோப்பு வேறொன்றின் பயன்பாட்டில்) வந்து ரோபோகாப்பி தாண்டிப் போகிறது. டிஸ்கனெக்ட் ஆன செஷனைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பிறகு லாக்ஆஃப் செய்யும் பாலிசியை வையுங்கள். அதோடு நேரடி ஷேரிலிருந்து எடுக்காமல், ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து நகலெடுங்கள். அங்கே பூட்டு இருக்காது. என்டிஎஃப்எஸ் அனுமதிகளும் உரிமையாளர் பெயரும் சேர்ந்து போகும்படி காப்பி ஆல் கொடுக்க வேண்டும். அது ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ஒரே ஒருவரின் ப்ரொஃபைல் கெட்டுவிட்டது. அஸூர் பேக்கப்பிலிருந்து மீட்டுப் போட்டோம், அனுமதி இல்லை என்று பிழை 5 வருகிறது.

பதில்: ப்ரொஃபைல் ஷேரில் வழக்கமாக இருக்கும் அனுமதி இப்படி: யூசர்ஸ் குழுவுக்கு மேல் ஃபோல்டரில் மட்டும் மாடிஃபை, கிரியேட்டர் ஓனருக்கு உள்ளே உள்ள ஃபோல்டர்களிலும் கோப்புகளிலும் மாடிஃபை. யார் ஃபோல்டரை உருவாக்குகிறாரோ அவருக்குத்தான் அது. அட்மின் கையால் ஃபோல்டரை உருவாக்கிக் கோப்பைப் போட்டால் உரிமை அட்மினுக்குப் போய்விடுகிறது, பயனர் வெளியே நிற்கிறார்.

சரியான வரிசை இது. பயனரை எல்லா ஹோஸ்ட்களிலிருந்தும் லாக்ஆஃப் செய்யுங்கள். அந்த விஎச்டிஎக்ஸ் மேல் இன்னும் திறந்த ஹேண்டில் (கோப்பைப் பிடித்திருக்கும் இணைப்பு) இருக்கிறதா என்று ஷேரில் பார்த்து, இருந்தால் மூடுங்கள். கெட்ட கோப்பை அழிக்காமல், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி வையுங்கள்; பிறகு அதிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டிவரும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து விஎச்டிஎக்ஸ்ஸை வேறொரு இடத்துக்கு மீட்டு, ஒரு தனி மெஷினில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். பிழை இருந்தால் நகலின் மேல் செக்டிஸ்க் ஓட்டுங்கள், மூலத்தின் மேல் வேண்டாம். சரி என்றான பிறகு பயனரின் ஏற்கெனவே உள்ள ஃபோல்டருக்குள் அதே பெயரில் வைத்து, பயனருக்கு மாடிஃபை அனுமதி கொடுத்து, உரிமையாளராக அவரையே போடுங்கள்.

கோப்பின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ தான் தேடும் வடிவத்தோடு பொருந்தாவிட்டாலும் எஃப்எஸ்லாஜிக்ஸ் குறை சொல்லாது. அமைதியாகப் புதிய ப்ரொஃபைலை உருவாக்கிவிடும். ஃபோல்டர் பெயரில் எஸ்ஐடி (விண்டோஸ் பயனருக்குத் தரும் அடையாள எண்) முன்னால் வருவதா, பயனர் பெயர் முன்னால் வருவதா என்பதை ஃபிளிப் ஃபிளாப் அமைப்பு தீர்மானிக்கிறது. இரண்டு ரீஜனின் ஹோஸ்ட்களிலும் அது ஒன்றாக இல்லையென்றால், நகல் பத்திரமாக இருந்தும் எல்லோருக்கும் வெறும் டெஸ்க்டாப்தான் வரும். என்ன நடந்தது என்று அறிய ஹோஸ்டில் புரோகிராம்டேட்டாவின் கீழ் எஃப்எஸ்லாஜிக்ஸ் லாக்ஸ் ஃபோல்டரில் அன்றைய ப்ரொஃபைல் லாக்கைத் திறங்கள்.

கேள்வி: ஷேர் கொஞ்ச நேரம் எட்டாமல் போன நாளில் சிலருக்குத் தற்காலிக ப்ரொஃபைல் வந்தது. அதில் செய்த வேலை எல்லாம் போயிற்று.

பதில்: பிரிவென்ட் லாகின் வித் ஃபெயிலியர், பிரிவென்ட் லாகின் வித் டெம்ப் ப்ரொஃபைல் இரண்டையும் 1 ஆக்குங்கள். பயனர் உள்ளே வர முடியாமல் உங்களைத் திட்டுவார். வேலையை இழந்துவிட்டுத் திட்டுவதற்கு இது மேல்.

கேள்வி: ஒத்திகை வெற்றி. இரண்டாவது ரீஜனில் இரண்டு நாள் ஓடினோம். திரும்பி வந்தபோதுதான் குழப்பம்: சிலருக்குப் பழைய ப்ரொஃபைல், சிலருக்குப் புதியது.

பதில்: போவதைவிடத் திரும்புவதுதான் கடினம், ஒத்திகைத் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். எந்த நேரத்திலும் ஒரே ஒரு ரீஜனின் ஷேரில்தான் எழுத்து நடக்க வேண்டும் என்பதை ஹோஸ்ட் பூல் மட்டத்திலேயே உறுதிசெய்யுங்கள். இரண்டாவது ரீஜனுக்குப் போகும்போதே முதல் ரீஜனின் அப்ளிகேஷன் குரூப்பிலிருந்து (பயனருக்கு டெஸ்க்டாப் ஐகானைத் தரும் அமைப்பு) பயனர் குழுவை நீக்கிவிடுங்கள். ஹோஸ்ட்களை டிரெயின் மோடில் (புதிய செஷனை ஏற்காத நிலை) போட்டால் மட்டும் போதாது. டிஸ்கனெக்ட் ஆகி நிற்கும் செஷனுக்குப் பயனர் திரும்பி வந்துவிடலாம். குழுவை நீக்காவிட்டால் ரீஜன் எழுந்ததும் பழைய ஐகானை யாராவது சொடுக்குவார்.

திரும்பும் நாளில்: எல்லோரும் லாக்ஆஃப், இரண்டாவது ஷேரில் திறந்த ஹேண்டில் ஒன்றும் இல்லை என்று உறுதி, இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு நகல், முதல் ஷேரில் இருந்த பழையவை தனி ஃபோல்டருக்கு. பிறகு ஐந்து பயனர்களை மட்டும் அனுமதித்துப் பாருங்கள். அதன் பிறகே மற்றவர்கள். இரண்டு வாரமாவது அந்தப் பழையவற்றை அழிக்க வேண்டாம். புதிய ப்ரொஃபைலோடு தொடங்கும் வழியை எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவு: இரண்டாவது ரீஜனில் உருவானதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்பலாம், கோப்புகள் ஒன்டிரைவில் இருக்கின்றன.

கேள்வி: ப்ரொஃபைல் தவிர இரண்டாவது ரீஜனில் வேறென்ன தயாராக இருக்க வேண்டும்?

பதில்: இமேஜை கம்ப்யூட் கேலரி (அஸூரின் இமேஜ் கிடங்கு) மூலம் அந்த ரீஜனுக்கும் பிரதி எடுத்துவையுங்கள். லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் அங்கேயும் ஒன்று. விஎம் கோட்டா (மெஷின்களுக்கான ஒதுக்கீட்டு வரம்பு) இப்போதே கேட்டு வாங்குங்கள். ரீஜன் விழும் நாளில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள், கோட்டா இருந்தும் மெஷின் கிடைக்காமல் போகலாம். உறுதி வேண்டும் என்பவர்கள் கெபாசிட்டி ரிசர்வேஷன் எடுக்க வேண்டும்; மெஷின் ஓடாவிட்டாலும் அதற்குக் கட்டணம் உண்டு.

ஷேரின் வேகத்தையும் கவனியுங்கள். லாகின், லாக்ஆஃப் நேரத்தில் ஆளுக்கு 50 ஐஓபிஎஸ் (நொடிக்கு நடக்கும் படிப்பு, எழுத்து), மற்ற நேரத்தில் 10 என்பது மைக்ரோசாஃப்டின் திட்டமிடல் கணக்கு. ஃபெயில்ஓவர் முடிந்ததும் 200 பேர் ஒன்றாக வந்து நின்றால் 10,000. செலவைக் குறைக்க 1,024 ஜிபி பிரீமியம் ஷேர் மட்டும் அங்கே போட்டிருந்தால், பழைய கட்டண முறையில் அதன் அடிப்படை 3,000 கூட்டல் ஜிபிக்கு ஒன்று, ஆக 4,024. பர்ஸ்ட் (தற்காலிகக் கூடுதல் வேகம்) கொஞ்ச நேரம் தாங்கும். பயனர்களை 50 பேர் கொண்ட குழுக்களாகப் பத்து நிமிட இடைவெளியில் அனுமதிப்பது செலவில்லாத தீர்வு.

கேள்வி: ஆஃபீஸ் கன்டெய்னரை (ஆஃபீஸ் தரவுக்கு மட்டுமான எஃப்எஸ்லாஜிக்ஸ் டிஸ்க்) தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அதற்கும் பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதில் இருப்பது ஓஎஸ்டியும் கேஷும்தான்; எக்ஸ்சேஞ்சிலிருந்தும் ஒன்டிரைவிலிருந்தும் மறுபடி இறங்கிவிடும். முதல் நாள் அவுட்லுக் தேடல் மந்தமாக இருக்கும் என்று பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒன்டிரைவில் இன்னும் ஏறாமல் சிவப்புக் குறியோடு நிற்கும் கோப்பு யாருக்காவது இருக்கிறதா என்பதை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள்.